இன்னுமொரு சுண்டு அரிசி

எங்கள் கட்டடத்து லிப்ற் ஒருமுறை பழுதாகிப்போனது. திருத்த வந்த மனிதர் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு வேலை செய்தார். அந்தத் தலைக்கு நேரே படியில் குந்தியிருந்து அன்ரி அவரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா.

"ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாங்கோ, முசியூ. மனுசியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. உங்களுக்கெண்டு உறைப்புக் குறைச்சு வைப்பன்."

இதை அவ பிரெஞ்சில்தான் சொன்னா. ஆனால் அன்ரியின் பிரெஞ்சு எனக்கு எப்போதும் தமிழாகத்தான் காதில் விழும். அந்த மனிதர் சிரித்து, "அவெக் பிளேசீர், மதாம்" என்றார். சந்தோசமாய் வருகிறேன் என்று சொல்கிறார். பாரிசில் இப்படிச் சொன்னவர்கள் வந்து நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை லிப்ற் வந்தது. அவர் வரவில்லை.

நாங்கள் லா சப்பலில், எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் கூடுகிற பகுதியில், ரூ பிலிப்-து-ஜிரார் என்கிற தெருவில் ஒரே கட்டடத்தில் இருந்தோம். அன்ரி வீடு எங்கள் வீட்டுக்கு நேர் கீழே. சொந்தமில்லை, என் பள்ளிக்கூடத் தோழி சுகியின் அம்மா. இப்போது சுகிக்குத் துலூசில் வேலை கிடைத்து, அன்ரி, அங்கிள், சுகி மூவரும் அங்கே போய்விட்டார்கள். கீழ்வீட்டுக் கதவு இந்த நாட்களில் சாத்தியே கிடக்கிறது. அன்ரி காலத்தில் அது திறந்தபடி இருக்கும், வெங்காயம் வதங்குகிற மணம் எங்கள் மாடி வரைக்கும் ஏறி வரும்.

காலையில் அவவுக்கு ஒரு பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை. மிச்ச நேரமெல்லாம் மனிதர்களைக் கூப்பிடுகிற வேலை. கூப்பிடும்போது கையைப் பிடிப்பா, மணிக்கட்டில், நாடி பார்க்கிற இடத்தில். எங்கள் ஆட்களிடம் கலியாணத்துக்குத் தபாலில் கார்ட் போட்டால் அது சொன்னதாகாது. வீட்டுக்கு வந்து, இருந்து, தேத்தண்ணி குடித்து, வாயால் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் பிறகு வருசக்கணக்கில் கதைக்காது. அன்ரி இந்த முறையைக் கலியாணம் இல்லாமலே நடத்தினா. தபால்காரர், பல்லு டாக்குத்தர், மெட்ரோவில் அவவுக்கே அபராதம் எழுதிய ரிக்கற் பரிசோதகர், எல்லாரும் அழைக்கப்பட்டவர்கள். எங்கள் ஆட்கள் வருவார்கள்தான். ஆனால் அவர்கள் கூப்பிடாமலே வருகிறவர்கள், அது சேராது. வெளி ஆள் ஒருவர்கூட வந்ததில்லை.

சுண்டு என்பது எங்கள் வீடுகளில் அரிசி அளக்கிற பழைய ரின்பால் தகரப்பேணி. அன்ரி வீட்டு ஆட்களுக்கு வேண்டியதை அளந்து போட்டுவிட்டு, கடைசியாக இன்னுமொரு சுண்டு போடுவா. அங்கிள் சோபாவில் இருந்தபடி கேட்பார்:

"இஞ்சேரும், அந்தக் கடைசிச் சுண்டு ஆருக்கு?"

"வாற ஆளுக்கு."

"எந்த ஆள்?"

"வந்தாப் பிறகு பேரைக் கேட்டுச் சொல்லுறன்."

சுகிக்கு இதெல்லாம் வெட்கம். "அம்மா, இஞ்சை ஆக்கள் அப்பிடி வரமாட்டினம். உங்களை ஒரு மாதிரி நினைப்பினம்" என்பாள். அதையும் பிரெஞ்சில் சொல்லுவாள், கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போதாது. அன்ரி சிரித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போவா. ஆனால் ஒரு ஞாயிறு பின்னேரம் கறிச்சட்டி ஒன்றைத் திருப்பிக் கொடுக்கக் கீழே இறங்கிப் போனேன். அவ குசினியில் நின்று, யாரும் சாப்பிடாத பீங்கான்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அலுமாரியில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தா. நான் பார்த்ததைக் கண்டு, "தூசு" என்றா. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவவுக்கு இது பகிடி இல்லை. கூப்பிட்டவர்களில் ஒருவராவது ஒருநாள் வந்து அந்தக் கடைசிச் சுண்டைச் சாப்பிடவேண்டும்.

இனிப் பெரு.

எனக்கு இன்காப் பைத்தியம். லீசே உயர்பள்ளியில் ஸ்பானிய மொழி எடுத்ததும் அதனால்தான், பல்கலைக்கழகத்தில் மொராய் என்கிற இடத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியதும் அதனால்தான். மொராயில் இன்கா மக்கள் நிலத்தை வட்டம் வட்டமாக, கிண்ணத்துக்குள் கிண்ணம் வைத்த மாதிரிக் குடைந்து படிகள் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் செத்தால் என் கட்டை வேகாது என்று சுகியிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு கோடை விடுமுறைக்கு அவள் என்னையும் தன் அலுவலகத் தோழர்களையும் சேர்த்துக்கொண்டு, குஸ்கோவுக்கு அப்பால் உருபம்பா ஆறு ஓடுகிற பள்ளத்தாக்கில் ஒரு வில்லாவை எடுத்தாள். தோழர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அறைகள் சும்மா கிடக்கும் என்று தன் அம்மா அப்பாவையும் கூப்பிட்டாள்.

அங்கிள் கேட்ட முதல் கேள்வி: "பெருவிலை எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அப்பா."

"அப்ப ஏன் போறம்?"

நியாயமான கேள்வி. எங்கள் ஆட்கள் லண்டனுக்குப் போனால் கலியாணம், கனடாவுக்குப் போனால் செத்தவீடு, இந்தியாவுக்குப் போனால் கோயில். ஒருவரையும் தெரியாத ஊரில் போய் ஆறுதலாக இருந்து மலை பார்ப்பது என்கிற வழக்கம் அங்கிளின் வம்சத்தில் இல்லை. அன்ரிதான் பிரச்சினையைத் தீர்த்து வைத்தா. "ஒருத்தரும் இல்லையெண்டால் நல்லதுதானே. எல்லாரும் புது ஆக்கள்" என்றவ, சூட்கேசுக்குள் முதலில் வைத்தது கறித்தூள், இரண்டாவது சுண்டு.

வில்லா அவ்வளவு வடிவு. மண்சுவர், ஓட்டுக்கூரை, சுற்றிவர யூக்கலிப்ரஸ் மரங்கள், முற்றத்தில் நின்று நிமிர்ந்தால் பனி மூடிய மலை. முன்பக்கம் பச்சைப் புல்வெளி. அந்தப் புல்லைக் காவல் காத்தவர் டொன் ரூபேன், வில்லாவின் பராமரிப்பாளர். நாங்கள் புல்லில் கால் வைத்தால் அவருக்கு நெஞ்சில் கால் வைத்த மாதிரி இருக்கும். அன்ரி அங்கே முதலில் கூப்பிட்டது அவரைத்தான். அவர் காவல் காக்கிற வீட்டுக்கே அவரைச் சாப்பிட வரச் சொன்னா! "கிராசியாஸ், சென்யோரா" என்று நன்றி சொல்லித் தொப்பியைத் தொட்டுவிட்டு, அவர் தன் அறைக்குப் போய்த் தன் சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

குஸ்கோ மேட்டில் பெரிய கோட்டைச் சுவரைப் பார்க்கப் போனோம். பஸ் அளவுக் கற்கள், இடையில் சாந்து கிடையாது, ஒன்றோடொன்று கைகோர்த்த மாதிரி நிற்கின்றன. அங்கிள் பர்சுக்குள் கிடந்த பழைய மெட்ரோ ரிக்கற் ஒன்றை எடுத்து இடுக்குக்குள் செருகப் பார்த்து, வழிகாட்டியிடம் ஏச்சு வாங்கினார். நான் மூச்சு விடாமல் விளக்கிக்கொண்டிருந்தேன். எவ்வளவு தூரத்திலிருந்து இழுத்தார்கள், எப்படி உரசிப் பொருத்தினார்கள் என்று. அன்ரி முழுவதையும் கேட்டுவிட்டு, "இவ்வளவு சனத்துக்கும் ஆர் சமைச்சது?" என்றா.

எனக்குப் பதில் தெரியும் என்பதில் எனக்கே புல்லரித்தது. "ராசாதான் அன்ரி! வேலைக்கு வாங்கோ எண்டு சொல்லமுதல் அவர் சனத்துக்கு விருந்து வைக்கவேணும். பெரிய முற்றம், அதைச் சுத்தி நிறைய வாசல் வைச்ச மண்டபங்கள். சாப்பாடும் சோளக் கள்ளும். அது இல்லாட்டி ஒருத்தரும் கல்லுத் தூக்க வராயினம்."

அன்ரி சுகியைத் திரும்பிப் பார்த்தா. "கேட்டியோ? ராசாவே கூப்பிட்டுத்தான் சாப்பாடு போட்டிருக்கிறார்."

"ராசா கூப்பிட்டால் வராமல் விடேலுமே? தலை போயிடும்," என்றார் அங்கிள். "நீரும் அந்த வழியை ஒருக்கா யோசிச்சுப் பாரும்."

அடுத்த நாள் காலை அன்ரியும் நானும் ஆற்றோரம் நடந்து ஊருக்குள் போனோம். ஒரு மண்வீட்டு வாசலில் நீளத் தடியொன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் சிவப்புத் துணி. அன்ரி நின்றா. "இஞ்சை பார் பிள்ளை, கொடி ஏத்தியிருக்கினம்! திருவிழாப் போலை."

நான் வாயைத் திறக்குமுன் அவ சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டா. நானும் பின்னால் ஓடினேன். உள்ளே முற்றம். வாங்கில்களில் ஆணும் பெண்ணுமாக ஆட்கள், கையில் பெரிய பெரிய கண்ணாடிக் குவளைகள். நடுவில் ஒரு மரப்பெட்டி, அதன் மேல் வாயைத் திறந்தபடி ஒரு பித்தளைத் தவளை. அதை நோக்கி ஒருவர் பித்தளைக் காசு மாதிரி ஒன்றை எறிந்துகொண்டிருந்தார். அன்ரி நேரே தவளைக்கு முன்னால் போய், இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடினா.

எறிந்துகொண்டிருந்தவரின் கை அப்படியே மேலே நின்றது.

வீட்டுக்காரி எழுந்து வந்தா. உயரத் தொப்பி, இரண்டு பின்னல், கம்பளிச் சால்வை. கையில் ஒரு சாடி. அன்ரி கண்ணைத் திறந்து சாடியைக் கண்டதும், வலக்கையைக் குழித்து, இடக்கையை அதற்குக் கீழே கொடுத்து நீட்டினா. தீர்த்தம் வாங்குகிற மாதிரி. வீட்டுக்காரி என்னைப் பார்த்தா, அந்தக் கையைப் பார்த்தா, பிறகு மிகவும் கவனமாக அந்தக் குழிக்குள் கொஞ்சம் ஊற்றினா. அன்ரி அதை உறிஞ்சிக் குடித்து, ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டா.

"கொஞ்சம் புளிக்குது," என்றா.

அப்போதுதான் என் மூளை ஓடி வந்து சேர்ந்தது. "அன்ரி! இது கோயில் இல்லை. கள்ளுக்கொட்டில். சோளக் கள்ளு இருக்கெண்டு காட்டத்தான் அந்தச் சிவப்புத் துணி. தவளை விளையாட்டுச் சாமான். வாய்க்குள்ளை எறிஞ்சால் புள்ளி."

அன்ரி சுற்றிவரப் பார்த்தா. வாழ்க்கையில் கள்ளுக்கொட்டில் இருந்த தெருவால்கூடப் போகாத மனுசி. "அதுக்கென்ன இப்ப?" என்றா. "கும்பிட்டதைத் திருப்பி எடுக்கேலுமே?"

இதை நான் ஸ்பானிய மொழியில் சொன்னதும் வீட்டுக்காரி சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது. முற்றமே சிரித்தது. அவவின் பெயர் பௌலினா. அன்ரியை "மாமாய்", அதாவது அம்மா, என்று கூப்பிட்டு வாங்கிலில் இருத்தினா. தன் குவளையிலிருந்து முதல் சொட்டுகளை மண்ணில் ஊற்றிவிட்டுக் குடித்தா. நிலத்துக்கு முதலில், பிறகுதான் தனக்கு. அன்ரிக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. எழும்பும்போது பௌலினாவின் மணிக்கட்டைப் பிடித்தா.

"சொல்லு பிள்ளை. நாளைக்கு மத்தியானம் வில்லாவுக்கு வரச் சொல்லு. வீட்டு ஆக்கள் எல்லாரையும்."

நான் சொன்னேன். பௌலினா தலையாட்டினா. ஆனால் நாளைக்குத்தான் மொராய். கார் சொல்லியாகிவிட்டது. மொழிபெயர்க்க நான் இல்லாவிட்டால் விருந்து எப்படி நடக்கும்? "மொராய் எங்கையும் ஓடாது," என்றா அன்ரி. கார் வேண்டாமென்று போன் பண்ணினேன். (மொராயை நான் இன்னும் பார்க்கவில்லை.)

அடுத்த நாள் விடியவே கோழிக்கறியின் மணம் எழுப்பிவிட்டது. அன்ரி ஒரு தேவைக்கென்று கொண்டுவந்திருந்த ஒரேயொரு சேலையைக் கட்டிக்கொண்டு முன்வாசல் கேற்றடியில் நின்றா. மத்தியானமாயிற்று. தெருவில் ஒரு கழுதை போனது. சோறு ஆறியது. சுகி வந்து, "அம்மா, ஒருத்தரும் வரமாட்டினம். உள்ளை வாங்கோ" என்றாள், இந்த முறை தமிழில். அங்கிள் தவளைச் சாமியைப் பற்றிக் காலையிலிருந்து விட்டுக்கொண்டிருந்த பகிடிகளை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. அவர் மெதுவாக ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கேற்றடியில் வைத்தார். "இரும்," என்றார். அன்ரி இருக்கவில்லை.

அப்போது வீட்டுக்குப் பின்னால் புகை எழும்பியது. கூடவே டொன் ரூபேனின் கூக்குரல்.

ஓடினோம். பின் தோட்டத்தில் பௌலினா நின்றா, மகன்மார், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாருமாக. சோளவயலுக்குள்ளால் பின்வழியாக எப்போதோ வந்துவிட்டார்கள். வெறுங்கையோடு வருவது அவர்களுக்கும் பழக்கமில்லை. மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு. காய்ந்த மண்கட்டிகளைப் பெயர்த்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, சின்னக் கோபுரம் மாதிரி ஓர் அடுப்புக் கட்டி, உள்ளே நெருப்பு மூட்டியிருந்தார்கள். கட்டிகள் சிவக்கச் சூடானதும் கிழங்கை உள்ளே போட்டு, அடுப்பையே அதன் மேல் இடித்து விழுத்திப் புதைத்துவிடுவார்கள். அதுதான் சமையல்.

"இது வில்லா! இஞ்சை விதிகள் இருக்கு! என்ரை தோட்டம்!" என்று கத்திக்கொண்டிருந்தார் டொன் ரூபேன். பௌலினா அந்த மலை ஆட்களின் கெச்சுவா மொழியில் ஏதோ கேட்டா. அவர் நிறுத்தினார். முணுமுணுத்தார். பிறகு குனிந்து, "அந்தக் கட்டி சரியில்லை, உடையும்" என்று தானே நல்ல கட்டி பொறுக்கத் தொடங்கிவிட்டார்.

"என்ன கேட்டவ?" என்று பௌலினாவின் மருமகளிடம் விசாரித்தேன்.

"அவரின்ரை அம்மா எந்த ஊர் எண்டு."

அங்கிள் இதைக் கேட்டுத் துள்ளினார். "அடியே, இவை எங்கட ஆக்கள்தான்!"

அன்ரி பீங்கான்களை எடுத்து வரச் சொல்லி எனக்குக் கையால் காட்டினா. பிறகு நடந்தது அப்படியொரு சாப்பாடு. மண்ணைக் கிளறி எடுத்த கிழங்கு, ஊதா நிறம், மஞ்சள் நிறம், தோல் கருகி உள்ளே மாவாக. எங்கள் கோழிக்குழம்பை அதன் மேல் ஊற்றிப் பேரப்பிள்ளைகள் விரலை நக்கினார்கள். யாழ்ப்பாணத்து மிளகாயைத் தவிர மற்றதெல்லாம் மிளகாயே இல்லை என்று எப்போதும் சொல்லுகிற அங்கிள், அவர்களின் ரொக்கோத்தோ மிளகாயில் ஒரு கடி கடித்துவிட்டு, யூக்கலிப்ரஸ் மரத்துக்குப் பின்னால் போய் நீண்ட நேரம் நின்றார். டொன் ரூபேன் புல்லில் சப்பாத்தோடு உட்கார்ந்து இரண்டாம் முறை சோறு கேட்டார். கடைசிச் சுண்டும் முடிந்தது. அடிப்பிடித்த சோற்றையும் சுரண்டினார்கள்.

போகிற நேரம் அன்ரி மறுபடியும் அந்த மணிக்கட்டைப் பிடித்தா. "பாரிசுக்கு வரச் சொல்லு பிள்ளை. எங்கட பிள்ளையார் கோயில் தேருக்கு. கோடை முடிவிலை."

சுகி பெருமூச்சு விட்டாள். "அம்மா, விசா? சித்திக்கே குடுக்கேல்லை."

சித்தி என்றால் யாழ்ப்பாணத்தில் இருக்கிற அன்ரியின் தங்கை. சுகி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கும் அன்ரி அவவைக் கூப்பிட்டா, அங்கிளின் அறுபதாவது பிறந்தநாளுக்கும் கூப்பிட்டா. இரண்டு தரமும் றெஃபியூ, விசா மறுப்பு. அன்ரியின் கை கொஞ்சம் தளர்ந்தது. நான் போனை எடுத்துத் தேடினேன், எனக்குச் சும்மா நிற்கத் தெரியாது.

"அன்ரி! பெரு ஆக்களுக்கு விசா வேண்டாம். கொஞ்ச நாளைக்கு வந்து நிக்கிறதெண்டால் பாஸ்போர்ட் காணும்!"

அன்ரி என் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தா. தங்கச்சியை நினைத்திருப்பா, அது கண்ணில் தெரிந்தது. ஆனால் பிடியைத் திரும்ப இறுக்கினா. "அப்ப என்ன? சொல்லு. லா சப்பல் எண்டு கேட்டால் ஆரும் காட்டுவினம். சிவப்புத் துணி கட்டியிருப்பன் எண்டு சொல்லு." மிலானில் தனக்கொரு மகள் இருக்கிறாள், முதியவர்களைப் பராமரிக்கிற வேலை என்றா பௌலினா. "பார்ப்போம், மாமாய்."

தேர் நாளில் எங்கள் சந்தியில் அன்ரி வருசாவருசம் மோர்ப்பந்தல் போடுவா. அந்த வருசம் பழைய சிவப்புச் சேலைத் தலைப்பைக் கிழித்து, யன்னல் சீலைத் தடியில் கட்டி, பந்தலுக்கு மேலே உயர்த்தினா.

"சனம் தொழிற்சங்க ஊர்வலம் எண்டு நினைச்சு உமக்குப் பின்னாலை வரப்போகுது," என்றார் அங்கிள்.

ஒருவரும் வரவில்லை. அன்ரி துணியைத் தோய்த்து, மடித்து, அலுமாரியில் வைத்தா.

அடுத்த வருசமும் கட்டினா. தேர் ரூ பஜோல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. நாதசுரம், கற்பூரப் புகை, காவடி, மலைமலையாக உடைந்த தேங்காய். தெரு முழுக்க இளநீர் ஓடியது. பந்தலில் தள்ளுமுள்ளு. அன்ரி குனிந்தபடி பெரிய அண்டாவிலிருந்து மோரை அள்ளி அள்ளிக் கப்புகளில் ஊற்றிக்கொண்டிருந்தா. கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை அண்டாவுக்கு மேலே நீண்டது. வலக்கை குழித்து, கீழே இடக்கை கொடுத்து.

"அம்மா, இது தீர்த்தம் இல்லை, மோர். கப்பை எடுங்கோ," என்றா அன்ரி, நிமிராமலே.

கை போகவில்லை. தடித்த விரல்கள், மண்வேலை செய்த நகங்கள், கம்பளிச் சால்வையின் நுனி. அன்ரி நிமிர்ந்தா. உயரத் தொப்பி, இரண்டு பின்னல். பக்கத்தில் முதுகுப்பையோடு மிலான் மகள். பௌலினா சிரிப்பை அடக்கிக்கொண்டு, முகத்தைக் கோயிலுக்கு வந்த மாதிரி வைத்திருந்தா.

அன்ரி மிகவும் கவனமாக அந்தக் குழிக்குள் கொஞ்சம் மோர் ஊற்றினா. பௌலினா முதலில் ஒரு சொட்டைத் தெருவில் விட்டா, இளநீரோடு இளநீராக. மிச்சத்தை உறிஞ்சினா. தொப்பியைக் கழற்றி, ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டா.

பிறகுதான் அன்ரி கத்தினா. நாதசுரத்துக்கு மேலால் கேட்டது. "இஞ்சேருங்கோ! வந்திருக்கினம்!"

தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அங்கிள் திரும்பினார். தொப்பியைக் கண்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அன்ரியிடம் வந்தார்.

"வீட்டுக் கதவுத் திறப்பைத் தாரும்."

"ஏன்?"

"சோறு போடத்தான். இன்னுமொரு சுண்டு காணுமோ?"

அன்ரி ஒரு கையால் பௌலினாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தா. மற்றக் கையால் திறப்பை எடுத்துக் கொடுத்தா.

"ரெண்டாப் போடுங்கோ," என்றா. "இன்னும் ஆரும் வருவினம்."